ஃபுல் டிராக், ஹாஃப் டிராக், குவார்ட்டர் டிராக்: தாத்தாவின் ஸ்பூல்களுக்கு எந்த மெஷின்?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. தாத்தா 1960களின் கடைசியிலிருந்து சபாக் கச்சேரிகளையும் வானொலிக் கச்சேரிகளையும் பதிவு செய்து சேர்த்த டேப் ஸ்பூல்கள் நாற்பதுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. அவருடைய டேப் ரிக்கார்டர் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று பழைய மெஷின் தேடினால், ஒருவர் “ஹாஃப் டிராக்தான் ஸ்டுடியோ தரம், அதையே வாங்குங்கள்” என்கிறார். இன்னொருவர் “ஃபோர் டிராக் போதும்” என்கிறார், அதாவது குவார்ட்டர் டிராக். டிராக்குக்கும் ஒலித் தரத்துக்கும் என்ன சம்பந்தம், எதை வாங்குவது?

வாங்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால், நன்றாகப் பராமரித்த குவார்ட்டர் டிராக் ஸ்டீரியோ மெஷின் வாங்குங்கள். நொடிக்கு 9.5, 19 செ.மீ. என்ற இரண்டு வேகமும் கட்டாயம் இருக்க வேண்டும், 4.75 இருந்தால் இன்னும் நல்லது. ஹாஃப் டிராக் உயர்ந்தது என்று சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அது புதிதாகப் பதிவு செய்கிறவருக்கான பேச்சு. ஏற்கெனவே பதிவான டேப்பைக் கேட்கிறவருக்குக் கணக்கு வேறு. எந்த அகலத்தில் எழுதினார்களோ, அந்த அகலத்தில் படிப்பதே நல்லது.

ஸ்பூல் டேப்பின் அகலம் கால் அங்குலம், ஏறத்தாழ 6.3 மி.மீ. அதை ஒரு நீண்ட வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு ஓடும் பட்டைதான் டிராக், வயலில் அது ஒரு பாத்தி. வயல் முழுவதும் ஒரே பாத்தி என்றால் அது ஃபுல் டிராக்: ஒரே திசை, ஒரே மோனோ பதிவு. நடுவில் வரப்பு போட்டு இரண்டு பாத்தியாக்கினால் ஹாஃப் டிராக். வீட்டு மோனோ மெஷின்களில் மேல் பாத்தியில் ஒரு பக்கம் பதிவாகும்; ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் மற்ற பாத்தியில் இரண்டாம் பக்கம். ஸ்டுடியோ ஸ்டீரியோவில் இரண்டு பாத்தியும் ஒரே திசையில் ஓடும், ஒன்று இடது, ஒன்று வலது. நான்கு பாத்தி போட்டால் குவார்ட்டர் டிராக். 1, 3 ஒரு திசையில். 2, 4 எதிர்த்திசையில்.

அகலங்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்க ஹாஃப் டிராக் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 மி.மீ. ஜெர்மன் முறை ஸ்டீரியோ ஹெட்டில் (நாடாவில் ஒலியை எழுதவும் படிக்கவும் செய்யும் காந்த முனைதான் ஹெட்) வரப்பைக் குறுக்கி, ஒவ்வொரு டிராக்கையும் 2.75 மி.மீ. வரை விரித்தார்கள். குவார்ட்டர் டிராக்கில் ஒவ்வொன்றும் 1.1 மி.மீ.தான். 1958இல் ஸ்டீரியோ எல்.பி. தட்டுகள் கடைக்கு வந்தபோது, ஹாஃப் டிராக்கில் விற்ற ஸ்டீரியோ டேப்கள் விலையில் அவற்றோடு போட்டி போட முடியவில்லை. அதே நாடாவில் இரண்டு மடங்கு நேரம் அடக்கத்தான் குவார்ட்டர் டிராக் வீட்டுக்கு வந்தது. சிக்கனத்துக்காக வந்த முறை அது.

சரி, அகலம் குறைந்தால் என்ன போகும்? முதலில் போவது நிசப்தம். சபாவில் நூறு பேர் சேர்ந்து ஒரே நாமாவளியைச் சொன்னால் குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓங்கி ஒலிக்கும். அதே நூறு பேர் கேன்டீனில் ஆளுக்கொரு பேச்சு பேசினால் சலசலப்பு கூடும், ஆனால் அந்த அளவுக்குக் கூடாது. டிராக்கின் அகலம் முழுக்கப் பதிந்திருக்கும் இசை நாமாவளி மாதிரி. காந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தரும் ‘உஸ்’ இரைச்சல் கேன்டீன் மாதிரி. அகலத்தைப் பாதியாக்கினால் இசை 6 டெசிபல் இறங்குகிறது, இரைச்சல் 3 டெசிபல்தான் இறங்குகிறது. இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியில் 3 டெசிபல் நஷ்டம். இந்தக் கணக்குப்படி ஃபுல் டிராக்கிலிருந்து 2.1 மி.மீ. ஹாஃப் டிராக்குக்கு வந்தால் ஏறத்தாழ 5 டெசிபல் போகிறது, அங்கிருந்து குவார்ட்டருக்கு இன்னொரு 3.

இந்த 3 டெசிபலை நான் பெரிதாகவும் நினைப்பதில்லை, சிறிதாகவும் நினைப்பதில்லை. சத்தமான தனி ஆவர்த்தனத்தில் அது தெரியாது. ஆலாபனையின் நடுவில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2 அங்குல நாடாவில் 24 டிராக் ஓட்டிய பெரிய ஸ்டுடியோக்களில் ஒரு டிராக்கின் அகலம் எவ்வளவு தெரியுமா? அதே 1.1 மி.மீ. வீட்டுக் குவார்ட்டர் டிராக் அளவுதான். அவர்கள் அதை 38 அல்லது 76 செ.மீ. வேகத்தில் ஓட்டினார்கள். இரைச்சலை அடக்க, 1966 முதல் ஸ்டுடியோக்களுக்குள் வந்த டால்பி ஏ போன்ற கருவிகள் துணைக்கு இருந்தன. குவார்ட்டர் டிராக் என்றாலே மட்டம் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மெல்லிய டிராக், மெதுவான வேகம், மெல்லிய நாடா, தேய்ந்த ஹெட் நான்கும் ஒரே வீட்டில் சேர்ந்ததால்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது.

ஏன் சேர்ந்தது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். 7 அங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா சுற்றி, ஃபுல் டிராக்கில் 38 செ.மீ. வேகத்தில் ஓட்டினால் 16 நிமிடம் வரும். ஒரு ராகம் தானம் பல்லவிக்கே போதாது. அதே ஸ்பூலில் 1800 அடி லாங் பிளே நாடாவைச் சுற்றி, 9.5 செ.மீ. வேகத்தில், நான்கு டிராக்கிலும் தனித்தனி மோனோவாகப் பதிவு செய்தால் 6 மணி 24 நிமிடம். இரண்டு முழுக் கச்சேரி! டேப்புக்குக் காசைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்த ரசிகர் எதைத் தேர்ந்திருப்பார்? உங்கள் தாத்தா இப்படிச் செய்ததால்தான் இன்று உங்களிடம் இவ்வளவு சங்கீதம் இருக்கிறது.

வேகத்துக்கு வருவோம். டிராக் அகலம் இரைச்சலைத் தீர்மானிக்கிறது என்றால், வேகம் முக்கியமாக மேல் ஸ்தாயி ஒலிகளை, ஒலியின் கூர்மையைத் தீர்மானிக்கிறது. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனம் காட்டிய மேக்னெட்டோஃபோன் நாடாவை நொடிக்கு 1 மீட்டர் ஓட்டியது. வீட்டு மெஷினில் அது 9.5 செ.மீ. ஆகிவிட்டது. 15 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை 38 செ.மீ. வேகத்தில் நாடாவின் மேல் 25 மைக்ரான் நீளம் பிடிக்கும். 19 செ.மீ. வேகத்தில் 12.7 மைக்ரான், 9.5இல் 6.3 மைக்ரான், 4.75இல் 3 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவில் 1 மைக்ரான் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாது. 38 செ.மீ. வேகத்தில் அந்த 15 கிலோஹெர்ட்ஸ் 2 டெசிபல் இறங்கும். 19இல் 4 டெசிபலுக்குச் சற்று மேல். 9.5இல் எட்டரை. 4.75இல் 17 டெசிபல், கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு ஸ்பூலுக்கும் முன்னால் ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்கிறோம். மெதுவான டேப்புக்கு அது உயிர் மாதிரி. பஞ்சில் வரும் பழுப்பு நிறம் முழுக்க உதிர்ந்த காந்தப் பூச்சுதான். அது நிற்கும்வரை துடையுங்கள்.

குவார்ட்டர் டிராக்கின் இன்னொரு குறையை நான் சொந்த அனுபவத்தில்தான் கற்றேன். தெரிந்த குடும்பம் ஒன்று பன்னிரண்டு ஸ்பூல்களைக் கொடுத்தது. எல்லாம் வீட்டில் பதிவு செய்த கச்சேரிகள். என்னிடம் அப்போது இருந்தது ஹாஃப் டிராக் ஸ்டீரியோ மெஷின். அகலமான ஹெட் அதிகமாக அள்ளும், அதனால் நல்லது என்று நினைத்து அதிலேயே ஓட்டினேன். சத்தமான இடங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது ஸ்பூலில் பாடகர் மெதுவாகத் தோடியைத் தொடங்கினார். பின்னால் ஏதோ ஒன்று உறிஞ்சி இழுக்கிற மாதிரி கேட்டது. ஒவ்வொரு ஒலியும் மெல்ல எழும்பி, உச்சத்தில் சட்டென்று அறுந்தது. அந்தத் துண்டைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டுக் கேட்டேன். மிருதங்கம்! மறுபக்கத்தில் பதிவான தனி ஆவர்த்தனம் தலைகீழாக வந்துகொண்டிருந்தது. என் ஹெட் 1ஆம் டிராக்கைப் படிக்கும்போதே எதிர்த்திசையில் ஓடும் 2ஆம் டிராக்கின் ஓரத்தையும் சேர்த்துப் படித்திருக்கிறது. பன்னிரண்டையும் குவார்ட்டர் டிராக் மெஷினில் மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.

சரியான ஹெட்டிலும் இந்தக் கசிவு கொஞ்சம் உண்டு. குவார்ட்டர் டிராக்கில் வரப்பின் அகலம் 0.6 மி.மீ.தான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 19 செ.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 4 மி.மீ. நீளம். அவ்வளவு நீளமான அலையின் காந்தப்புலம் வரப்போடு நின்றுவிடாது, பக்கத்துப் பாத்திக்கும் பரவும். ஆகவே கசிவது பெரும்பாலும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தரும் கும்காரமும் மேடை அதிர்வும்தான். வயலினோ தம்புராவோ கசியாது.

தூசி விஷயத்திலும் மெல்லிய டிராக் பாவம். அரை மில்லிமீட்டர் துணுக்கு ஒன்று ஹெட்டின் முன்னால் வந்தால் ஃபுல் டிராக்கில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மறைகிறது. குவார்ட்டரில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். ஒலி ஒரு கணம் அமுங்கி எழும்பும். நாடாவின் விளிம்பு மடங்கியிருந்தால் எப்போதும் இடது சேனல்தான் அடிபடும். முதல் பக்கத்தில் இடது 1ஆம் டிராக், இரண்டாம் பக்கத்தில் இடது 4ஆம் டிராக்; இரண்டுமே விளிம்பில் இருப்பவை. அதனால் ஸ்டீரியோ ஸ்பூலில் இடது மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் மெஷினைச் சந்தேகப்படுவதற்கு முன் நாடாவின் ஓரத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

இனி சொல்லப்போவது பழைய டேப் விஷயத்தில் டிராக்கையும் வேகத்தையும் விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அது அசிமுத்: ஹெட்டின் இடைவெளி நாடாவின் ஓட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கிற கோணம். பதிவு செய்த மெஷினின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், கேட்கும் ஹெட்டையும் அதே அளவு சாய்த்தாக வேண்டும். இல்லையென்றால் டிராக்கின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒரே நேரத்தில் படிக்கப்படாமல், உயர்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இங்கே அகலமே எதிரியாகிறது. ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு கோணப்பிழை, 19 செ.மீ. வேகம், 15 கிலோஹெர்ட்ஸ் என்று கணக்குப் போட்டால் குவார்ட்டர் டிராக்கில் 1 டெசிபல்கூடப் போகாது. 2.1 மி.மீ. ஹாஃப் டிராக்கில் மூன்றரை டெசிபலுக்கு மேல் போகும். ஃபுல் டிராக்கில் 13 டெசிபல்! ஸ்டுடியோ தரமுள்ள ஃபுல் டிராக் டேப், சரிபார்க்காத ஹெட்டில், சாதாரண வீட்டுக் குவார்ட்டர் டிராக்கை விட மங்கலாகக் கேட்பது இதனால்தான்.

ஒருமுறை என்னிடம் வந்த ஸ்பூல், பெட்டியின் மேலேயே “சரியாகப் பதிவாகவில்லை” என்று எழுதி ஒதுக்கப்பட்டது. ஓட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரிதான் இருந்தது. இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து, தம்புரா மட்டும் ஒலிக்கும் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே அசிமுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கால் சுற்று ஆவதற்குள் தம்புராவின் ஜீவா நூல் தரும் அந்த ரீங்காரம் எழுந்து வந்தது. அடுத்தாற்போல் பாடகரின் ‘ச’காரங்கள். இன்னும் ஒரு மயிரிழை திருப்பியதும், முன்வரிசையில் யாரோ தொடையில் தாளம் போடுவதுகூடக் கேட்டது. அந்தப் பதிவில் ஒரு குறையும் இல்லை. வேறொரு மெஷினின் கோணத்தில் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இதைச் செய்யும் முன் திருகின் இப்போதைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்பூல்கள் எல்லாம் தாத்தாவின் ஒரே மெஷினில் பதிவானவை என்றால் ஒருமுறை சரிசெய்த கோணம் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேறொருவர் பதிவு செய்து கொடுத்த ஸ்பூல் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

எந்த ஸ்பூல் எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மிக நுண்ணிய இரும்புத் துகளைத் திரவத்தில் மிதக்கவிட்டுச் சின்ன வில்லை மாதிரி அடைத்த ஒரு சாதனம் கிடைக்கிறது. நாடாவின் மேல் வைத்தால் பதிவுள்ள இடத்தில் துகள்கள் கோடு கோடாக நிற்கும். முதல்முறை பார்க்கும்போது சிலிர்க்கும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கச்சேரியின் பாத்திகளையே கண்ணால் பார்க்கிறீர்கள். அது கிடைக்காவிட்டால் குவார்ட்டர் டிராக் மெஷினில் போட்டு இரண்டு சேனலையும் தனித்தனியாகக் கேளுங்கள். இடது காதில் கல்யாணி, வலது காதில் வேறொரு பாட்டு, இரண்டுமே நேர்த்திசை என்றால் அது நான்கு டிராக் மோனோ. ஸ்டீரியோவாகவே பதிவு செய்து, பிறகு இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். ஒரே ஓட்டத்தில் இரண்டு பாகம் கிடைத்துவிடும். இடது நன்றாகக் கேட்டு, வலதில் தலைகீழ் ஒலி லேசாக வந்தால் ஹாஃப் டிராக் மோனோ. இடது சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இரண்டிலும் ஒரே ஒலி, திருப்பிப் போட்டால் அதே பதிவு தலைகீழாக ஓடுகிறது என்றால் அது ஃபுல் டிராக்.

ஒரே மெஷின் என்றால் குவார்ட்டர் டிராக் வாங்குங்கள் என்று நான் சொன்னது இதனால்தான்: அதன் ஹெட் எல்லாவற்றுக்கும் ஓரளவு உதவும். அகலமான பதிவை மெல்லிய ஹெட்டில் படித்தால் சில டெசிபல் இரைச்சல் கூடும், வேறு குழப்பம் வராது. மெல்லிய பதிவை அகலமான ஹெட்டில் படித்தால் தலைகீழ் மிருதங்கம். ஒரே விதிவிலக்கு அமெரிக்க அளவிலான ஹாஃப் டிராக் ஸ்டீரியோ. அங்கே குவார்ட்டர் ஹெட்டின் வலது பகுதி பாதிக்குமேல் வரப்பில் நிற்கும், வலது சேனல் இளைத்துப்போகும். ஜெர்மன் 2.75 மி.மீ. பதிவென்றால் அந்தத் தொந்தரவு இல்லை. வீட்டுக் கச்சேரிப் பதிவுகளில் ஹாஃப் டிராக் ஸ்டீரியோ அபூர்வம்.

உங்கள் நாற்பதில் ஏழெட்டு ஃபுல் டிராக் அல்லது ஹாஃப் டிராக் தேறினால், அவற்றை மட்டும் தனியே எடுத்துவைத்து, ஹாஃப் டிராக் மெஷின் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். ஃபுல் டிராக் மோனோவை ஹாஃப் டிராக் ஸ்டீரியோ ஹெட்டில் ஓட்டி, அசிமுத்தைச் சரிசெய்து, இரண்டு சேனலையும் கூட்டினால் இழந்த நிசப்தத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். ஹாஃப் டிராக் மோனோவென்றால் அவர் ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடலாம்: இடதில் முதல் பக்கம் நேராக, வலதில் இரண்டாம் பக்கம் தலைகீழாக. பின்னதைக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். ரீவாக்ஸ் ஏ77, பி77 மாதிரியான மெஷின் வாங்க நினைத்தால் வேகத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 9.5/19 வகையும் உண்டு, 19/38 வகையும் உண்டு. பின்னது 9.5இல் பதிவான ஸ்பூல்களுக்கு உதவாது.

ஈக்குவலைசேஷன், அதாவது பதிவின்போது மேல், கீழ் ஒலிகளின் அளவை மாற்றி எழுதி, கேட்கும்போது அதை நேர்செய்யும் முறை, பற்றி ஒரு வார்த்தை. 19 செ.மீ. வேகத்தில் அமெரிக்க, ஜப்பானிய மெஷின்கள் பெரும்பாலும் என்.ஏ.பி. என்ற அமெரிக்க முறையையும், ஐரோப்பிய ஒலிபரப்பு நிலையங்கள் ஐ.இ.சி. என்ற சர்வதேச முறையையும் பின்பற்றின. ஐ.இ.சி. டேப்பை என்.ஏ.பி. மெஷினில் ஓட்டினால் மேல் ஒலிகள் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். இதைக் கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்துகொள்ளலாம். 9.5இல் இரண்டு முறைக்கும் ஒரே அளவுதான், அங்கே கவலையே வேண்டாம்.

ஓட்டுவதற்கு முன் நாடாவை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது. அதைத் தனியே வைத்து, முதல் வேலையாகப் பதிவு செய்யுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்காதீர்கள். ஓடும்போது கிறீச்சிட்டு ஹெட்டில் ஒட்டுகிற நாடா வேறு நோய். பெரும்பாலும் 1970களின் நடுவிலிருந்து வந்த, பின்பக்கம் பூச்சுள்ள சில வகைகளுக்கு வருவது. உடனே நிறுத்திவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மெல்லிய நாடாக்களில் பாடகர் ஆரம்பிப்பதற்கு ஒரு கணம் முன்பே அவர் குரலின் நிழல் கேட்டால் பயப்பட வேண்டாம். அடுத்த சுற்றின் காந்தம் இந்தச் சுற்றில் பதிந்திருக்கிறது. ஓட்டுவதற்கு முன் இரண்டு மூன்று முறை கடைசிவரை ஓட்டிச் சுற்றினால் அது கொஞ்சம் தணியும்.

தொடங்கும்போது பெட்டியில் எதுவும் எழுதாத ஸ்பூலை எடுங்கள், தாத்தா பெயரும் தேதியும் போட்டுப் பத்திரமாக வைத்த ஸ்பூல் முதலில் வேண்டாம். மெஷினின் குணமும் உங்கள் கையும் பழக நாலைந்து ஸ்பூல் ஆகும். ஒவ்வொன்றும் முடிந்ததும் டிராக் முறை, வேகம், எந்தச் சேனல் நன்றாக இருந்தது, அசிமுத் திருகு குறியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.